உறங்கும் தசைச் செல்லை எழுப்புவது எது? – வாசகர் கேள்வி பதில்

தசைக் காயம், தசைத் தேய்வு, ஸ்டெம் செல் சிகிச்சை ஆகியவை பற்றி வந்திருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இவை தொடர்பில்லாத கேள்விகளாகத் தோன்றும். ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒரு செல்லில் மரபணு இருக்கிறதா என்பதைவிட, அது எந்த வேளையில் திறக்கிறது, எந்த வேளையில் மூடுகிறது என்பதுதான் தசையின் நலத்தைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளிக் கபடி அணியில் ஒரு மாணவனுக்குத் தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தது, சில வாரங்களில் மீண்டும் களத்தில் இறங்கிவிட்டான். என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதயத் தசையில் ஏற்பட்ட சேதம் சேதமாகவே இருக்கிறது என்கிறார் மருத்துவர். இரண்டும் தசைதானே, ஏன் இந்த வேறுபாடு?
– உடற்கல்வி ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

பதில்: இரண்டும் தசைதான். ஆனால் கால் தசையிடம் இருக்கும் ஒரு செல் இதயத் தசையிடம் இல்லை. 1961ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, தசை நாரின் சவ்வுக்கும் அந்த நாரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய அடிப்படலத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த சிறு செல்களைக் கண்டார். உட்கருவைத் தவிர வேறெதுவும் பெரிதாக இல்லாத அந்தச் செல்களுக்குச் சாட்டிலைட் செல் என்று பெயரிட்டு, தசை காயப்படும்போது இவை விழித்தெழுந்து புதிய நார்களை உண்டாக்கக்கூடும் என்று ஒரு சிறு கட்டுரையில் எழுதினார். அவருடைய ஊகம் சரியே.

2000ஆம் ஆண்டில் கனடாவின் மைக்கேல் ரட்னிக்கி குழுவினர், இந்தச் செல்களுக்கு பாக்ஸ்7 என்ற புரதம் இன்றியமையாதது என்று காட்டினார்கள். 2011இல் வெவ்வேறு ஆய்வகங்கள், வளர்ந்த எலியின் தசையிலிருந்து பாக்ஸ்7 கொண்ட செல்களை மட்டும் அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்திப் பார்த்தன. புதிய நார் உருவாகவில்லை. கொழுப்பும் நாரிழையும்தான் அந்த இடத்தை நிரப்பின. தசையின் ஸ்டெம் செல், அதாவது தேவைப்படும்போது புதிய தசைச் செல்களை உண்டாக்கும் மூலச் செல், இதுதான் என்பதில் அதன்பின் ஐயத்துக்கு இடமில்லை. இதயத்தில் இத்தகைய செல் இருப்பு கிடையாது. அங்கே இறந்த தசையின் இடத்தை வடுதான் பிடிக்கிறது. தங்கள் அண்ணனின் மருத்துவர் சொன்னது அதைத்தான்.

மாணவனைப் பற்றி ஒரு வார்த்தை: தசை நார் புதிதாக வளர்ந்துவிட்டாலும், நாரும் தசைநாணும் சேரும் இடத்தில் வடு எஞ்சியிருக்கலாம். தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தவர்களுக்கு அதே இடத்தில் மறுபடி கிழிவது மிகவும் சாதாரணம். வலி நின்றதை மட்டும் பார்த்து முழு வேகத்தில் ஓடவிடாதீர்கள்.

கேள்வி: உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. இருக்கிறது என்று பாடத்தில் படிக்கிறோம். அப்படியானால் காயம் இல்லாதபோது தூங்க வேண்டும், காயம் பட்டால் எழ வேண்டும், பிறகு தசை நாராக மாற வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சாட்டிலைட் செல்லுக்கு எப்படித் தெரிகிறது?
– பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

பதில்: இந்த மாதக் கடிதங்களில் மையமான கேள்வி இது, ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மனிதச் செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அடங்குவதற்காக ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளையைச் சுற்றி 147 எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ. வளைந்து செல்கிறது. சுற்று இறுகிய பகுதியை வாசிக்கும் நொதிகள் நெருங்குவது கடினம். தளர்ந்த பகுதியை எளிதில் வாசிக்கலாம். ஓலைச்சுவடியில் எழுத்து முழுவதும் இருந்தாலும் கயிற்றை அவிழ்த்து விரித்த ஏட்டைத்தான் படிக்க முடியும் அல்லவா, அதைப் போல. எந்த இடத்தை இறுக்குவது, எந்த இடத்தைத் தளர்த்துவது என்பதை ஹிஸ்டோன்களின் மேலும் டி.என்.ஏ.வின் மேலும் ஒட்டப்படும் மெத்தில், அசிட்டைல் போன்ற சிறு வேதித் தொகுதிகள் குறிக்கின்றன. எழுத்து மாறுவதில்லை; வாசிக்கும் உரிமை மாறுகிறது. இதை ஆராயும் துறையே எபிஜெனிடிக்ஸ் எனப்படும் மேல்மரபியல்.

இந்த அடையாளங்களில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எச்3 என்ற ஹிஸ்டோனின் 4ஆவது இடத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் இருந்தால் பெரும்பாலும் அந்த மரபணு திறந்திருக்கிறது என்று பொருள். ட்ரைதோராக்ஸ் வகைப் புரதங்கள் இதை எழுதுகின்றன. அதே ஹிஸ்டோனின் 27ஆவது இடத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் இருந்தால் மரபணு மூடப்பட்டிருக்கிறது. பாலிகோம்ப் வகைப் புரதங்கள், குறிப்பாக இ.இஸட்.எச்.2 என்ற நொதி, இதை எழுதுகின்றன. யு.டி.எக்ஸ். என்ற இன்னொரு நொதி அந்த மூடும் அடையாளத்தை அழிக்கிறது. அதாவது எழுதுபவரும் உண்டு, அழிப்பவரும் உண்டு.

இனி சாட்டிலைட் செல்லுக்கு வருவோம். அது தூங்குகிறது என்று சொல்லும்போது அடுப்பு அணைந்து கிடப்பதாக எண்ணிவிடுகிறோம். அது அப்படியன்று, உறக்கத்தைச் செல் முயன்று காத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் பாட் நௌஹைம் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்து 2016இல் வெளிவந்த ஆய்வு இதை மிக நெருக்கத்தில் காட்டியது. உறங்கும் செல்லில், தசையாக மாறும்படி ஆணையிடும் மயோடி என்ற மரபணு, உட்கருவின் விளிம்பை ஒட்டிய இறுக்கமான பகுதியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இறுக்கத்தை உண்டாக்கும் ஒரு நொதியை எலியிலிருந்து நீக்கியபோது, மயோடி மரபணு விளிம்பை விட்டு உள்ளே நகர்ந்து இயங்கத் தொடங்கியது. காயமே இல்லாமல் செல்கள் விழித்தன, ஸ்டெம் செல் இருப்பு குறைந்தது, நாளடைவில் அந்தத் தசையால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியவில்லை. மயோடியையும் சேர்த்து நீக்கியபோது இந்தக் குறைகள் எல்லாம் சீராயின. ஒரு மரபணு உட்கருவுக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதிலேயே ஒரு தசையின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது என்பதை இந்தச் சோதனையைப் போலத் தெளிவாகக் காட்டிய வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை.

காயம் பட்டதும் செல் விழித்துப் பிரிகிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: பிரிந்த எல்லாச் செல்களும் தசை நாராகிவிட்டால் அடுத்த காயத்துக்கு ஆள் இருக்காது. எனவே சில பிரிவுகளில் இரண்டு மகள் செல்களும் ஒரே வழியில் போவதில்லை. ஒன்று தசையாவதற்குப் புறப்படுகிறது, மற்றொன்று ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடுகிறது. ரட்னிக்கி குழுவினர் 2012இல் இதன் அடியிலுள்ள செயல்முறையைக் காட்டினார்கள். கார்ம்1 என்ற நொதி பாக்ஸ்7 புரதத்தின் மேலேயே மெத்தில் தொகுதியை ஒட்டுகிறது. அப்படி ஒட்டப்பட்ட பாக்ஸ்7தான், திறக்கும் அடையாளத்தை எழுதும் ட்ரைதோராக்ஸ் கூட்டத்தை மிஃப்5 என்ற மரபணுவிடம் அழைத்து வருகிறது. மிஃப்5 திறந்த மகள் தசையாகும் பாதையில் போகிறாள். திறக்காத மகள் இருப்பில் தங்குகிறாள்.

அடுத்த கட்டம், பிரிவதை நிறுத்திவிட்டு நாராக ஒன்றுசேர்வது. அதற்கு ஸ்டெம் செல் அடையாளமான பாக்ஸ்7 மூடப்பட்டாக வேண்டும். காயத்தில் குவியும் அழற்சிச் செல்கள் டி.என்.எஃப். என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது சாட்டிலைட் செல்லுக்குள் பி38 என்ற நொதியைத் தூண்டுகிறது. பி38 பாலிகோம்ப்பின் இ.இஸட்.எச்.2 மீது பாஸ்பேட் சேர்க்கிறது. அதன் விளைவாகப் பாக்ஸ்7 மரபணுவின் மேல் மூடும் அடையாளம் விழுகிறது. 2010இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், வெளியே நடக்கும் வீக்கமும் சிவப்பும் உள்ளே மரபணுவின் மேல் எழுத்தாக மாறும் வழியை அது படிப்படியாகக் காட்டியதுதான். இதே வேளையில் மயோஜெனின் போன்ற தசை மரபணுக்களின் மேலிருந்த மூடும் அடையாளத்தை யு.டி.எக்ஸ். அழிக்கிறது. சாட்டிலைட் செல்களில் யு.டி.எக்ஸ். இல்லாத எலிகளில் தசை சரியாக மீள்வதில்லை.

ஆக, காயம் பட்ட செய்தி வெளியிலிருந்து வருகிறது. அதற்கு எப்படிப் பதிலளிப்பது என்பது செல்லுக்குள் எந்த மரபணுக்கள் ஏற்கெனவே திறக்கத் தயாராக வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்திருக்கிறது.

கேள்வி: தசை ஆராய்ச்சிக்கு எலிகளுக்குப் பாம்பு நஞ்சைச் செலுத்துகிறார்கள் என்று படித்தேன். உண்மையா? நஞ்சு தசையை அழிக்காதா?
– விவசாயி, செஞ்சி

பதில்: உண்மை. அழிக்கும் என்பதால்தான் செலுத்துகிறார்கள். நாகப் பாம்பு இனங்களின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த கார்டியோடாக்சின் என்ற புரதம் தசை நார்களின் சவ்வைக் கிழித்து அவற்றைக் கொன்றுவிடும். ஆனால் அளவோடு செலுத்தும்போது சாட்டிலைட் செல்களில் போதிய பங்கும், நாரைப் போர்த்தியிருந்த அடிப்படலமும், நரம்பும் இரத்தக் குழாய்களும் தப்பிவிடுகின்றன. எலியின் தசை மூன்று நான்கு வாரங்களில் பெருமளவு மீண்டுவிடும். ஆகவே மீட்சியை நாள்தோறும் பின்தொடர இது வசதியான முறை. விரியன் வகைகளின் கடி வேறு. அவற்றின் நஞ்சில் இரத்தக் குழாய்களையும் அடிப்படலத்தையும் சிதைக்கும் நொதிகள் மிகுதி. மீட்பு வேலையைத் தாங்கும் அடிப்படலமும் இரத்த ஓட்டமும் கெட்ட இடத்தில் சாட்டிலைட் செல் இருந்தும் பயனில்லை. அங்கே தசைக்குப் பதில் வடுவே மிஞ்சுகிறது. கடிபட்டவரை எவ்வளவு விரைவாக நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறோம் என்பது உயிருக்கு மட்டுமல்ல, கால் தசைக்கும் முக்கியம். கட்டு இறுக்குவதும் கீறிவிடுவதும் கேட்டைத்தான் கூட்டும்.

கேள்வி: ஒரு மருந்தைச் சேர்த்ததும் வேறு செல்கள் தசையாக மாறிவிட்டன என்று ஒரு பழைய கட்டுரையில் கண்டேன். இது நடக்கக்கூடியதா?
– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், விருதுநகர்

பதில்: நடந்தது, மேல்மரபியலின் வரலாற்றில் தசைக்கு ஒரு தனி இடம் கிடைத்ததும் அதனால்தான். 1977இல் பீட்டர் ஜோன்ஸும் உடன் ஆய்வாளர்களும், புற்றுநோய்க்குச் சோதிக்கப்பட்டு வந்த 5-அசாசைட்டிடின் என்ற மருந்தை, எலிக் கருவிலிருந்து வளர்க்கப்பட்ட ஒருவகை இணைப்புத்திசுச் செல்களில் சேர்த்தார்கள். சில நாட்களுக்குப் பின் அந்தத் தட்டில் வரிகள் கொண்ட, சுருங்கவும் செய்கின்ற தசை நார்கள் தோன்றின. தசைக்குத் தொடர்பில்லாத செல்களிலிருந்து தசை! 1980இல் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் இதற்கான காரணத்தை விளக்கினார்கள்: அந்த மருந்து டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் தொகுதிகள் ஒட்டுவதைத் தடுக்கிறது. மூடியிருந்த மரபணுக்கள் திறந்துகொள்கின்றன.

எந்த மரபணு திறந்ததால் தசையானது என்ற தேடல் 1987இல் சியாட்டில் நகரில் ஹரோல்ட் வைன்ட்ராப்பின் ஆய்வகத்தில் முடிவுக்கு வந்தது. மேலே குறிப்பிட்ட மயோடிதான் அது. அந்த ஒரு மரபணுவின் பிரதியைச் செலுத்தினாலே இணைப்புத்திசுச் செல் தசைச் செல்லாக மாறியது. அசாசைட்டிடின் 2004இல் எலும்பு மஜ்ஜையின் ஒருவகைக் கோளாறுக்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. இதைத் தசைக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அது உடல் முழுவதும் கண்ட இடத்தில் மெத்தில் தொகுதிகளை நீக்கும். தசைக்கான மரபணுவை மட்டும் தேடிப்போய்த் திறக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடி தொடங்கினால் உடல் முன்னைவிட வேகமாகத் தேறுகிறது. தசைக்கு நினைவாற்றல் உண்டா?
– மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்

பதில்: உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இருக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் ஆடம் ஷார்ப்பிள்ஸ் குழுவினர், 7 வாரம் பளு தூக்கும் பயிற்சி, 7 வாரம் ஓய்வு, மீண்டும் 7 வாரம் பயிற்சி என்ற முறையில் சில ஆண்களின் தொடைத் தசையைச் சிறிதளவு எடுத்து, டி.என்.ஏ.வின் 8,50,000க்கும் மேற்பட்ட இடங்களில் மெத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். முதல் பயிற்சியில் மெத்தில் குறைந்து திறந்த சில மரபணுக்கள், ஓய்வில் தசை பழைய அளவுக்குச் சுருங்கிய பிறகும் அப்படியே திறந்த நிலையில் இருந்தன; இரண்டாம் பயிற்சியில் அவற்றின் இயக்கம் இன்னும் கூடியது. கலந்துகொண்டவர்கள் மிகச் சிலரே என்பதை மறக்கக் கூடாது. இதற்கு முன்பே, 2010இல், ஓஸ்லோ ஆய்வாளர்கள் எலியில் வேறொன்றைக் காட்டியிருந்தார்கள்: பளுவால் தசை பெருக்கும்போது சாட்டிலைட் செல்கள் நாரோடு கலந்து புதிய உட்கருக்களைத் தருகின்றன, தசை மெலிந்தாலும் அந்த உட்கருக்கள் நெடுநாள் தங்குகின்றன. தங்கள் அனுபவத்தில் இரண்டுக்கும் பங்கு இருக்கலாம். தசை வேகமாகத் தேறும். தசைநாணும் மூட்டும் அதே வேகத்தில் தேறா. பழைய எடையை முதல் மாதமே தூக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் நான் உடற்பயிற்சி செய்து பெற்ற அடையாளங்கள் என் மகனுக்குப் போகுமா?
– வாசகர், மணப்பாறை

பதில்: போகா. சாட்டிலைட் செல்லிலும் தசை நாரிலும் விழும் அடையாளம் அந்தச் செல்லின் வழித்தோன்றல்களோடு நின்றுவிடும். குழந்தைக்குச் செல்வது விந்தணுவும் கருமுட்டையும் சுமப்பவை மட்டுமே.

கேள்வி: என் தந்தைக்கு வயது 78. வழுக்கி விழுந்து மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். கால்கள் குச்சியாகிவிட்டன. வயதானால் ஸ்டெம் செல் தீர்ந்துவிடும், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

பதில்: உறவினர்கள் சொல்வதை ஏற்க வேண்டாம். இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன.

முதலாவது, முதுமையில் சாட்டிலைட் செல்லுக்கு என்ன நேர்கிறது என்பது. எண்ணிக்கை குறைகிறது என்பது உண்மை. ஆனால் எஞ்சியவற்றின் நிலைதான் அதிகம் பாதிக்கிறது. 2014இல் பார்சிலோனாவில் பூரா முன்யோஸ்-கானோவேஸ் குழுவினர், 28 மாதங்களைக் கடந்த மிக முதிய எலிகளில், பாலிகோம்ப் மூடி வைத்திருக்க வேண்டிய பி16 என்ற மரபணு திறந்துகொள்வதைக் கண்டார்கள். பி16 செல் பிரிவதை நிறுத்தும் மரபணு. அது திறந்துவிட்டால், எழுப்பினால் எழக்கூடிய உறக்கத்திலிருந்து செல் எழவே முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. அந்த மரபணுவை அடக்கியபோது முதிய செல்கள் மீண்டும் பிரிந்தன. இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 2005இல், ஸ்டான்ஃபோர்டில் இளம் எலியையும் முதிய எலியையும் ஒரே இரத்த ஓட்டத்தைப் பகிரும்படி இணைத்தபோது முதிய எலியின் தசை நன்றாக மீண்டது. ஆகவே முதுமையின் பாதிப்பில் ஒரு பகுதி செல்லின் சூழலிலும், மற்றொரு பகுதி செல்லின் மேல் எழுதப்பட்டுவிட்ட அடையாளங்களிலும் இருக்கிறது.

இரண்டாவதுதான் தங்கள் தந்தைக்கு முக்கியம். படுக்கையில் கிடந்து மெலிவது கிழிந்த காயம் அன்று. இருக்கும் நார்கள் சுருங்குவது. 2015இல் அமெரிக்காவின் கென்டக்கியில், எலிகளின் சாட்டிலைட் செல்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டு முதுமை வரை வளர்த்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளைவிட அவற்றின் தசை கூடுதலாக மெலிந்துவிடவில்லை, வடுத்தன்மை மட்டும் அதிகரித்தது. முதுமையின் தசை மெலிவுக்கு ஸ்டெம் செல்லை மட்டுமே குற்றம் சொல்ல முடியாது. சுருங்கிய நார்கள் வேலை கொடுத்தால் பெருக்கும். 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு 8 வாரம் தொடைக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது.

எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் மூன்று வேளையும் பருப்பு, முட்டை, மீன், தயிர் என ஏதேனும் ஒரு புரதம் தட்டில் இருக்கட்டும். இரவில் கஞ்சி மட்டும் கொடுத்துப் படுக்க வைக்கும் வழக்கத்தை மாற்றுங்கள்.

கேள்வி: என்.ஏ.டி. கூட்டும் மாத்திரை தசை ஸ்டெம் செல்லை இளமையாக்கும் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: விளம்பரத்துக்குப் பின்னால் ஓர் உண்மை உண்டு. உறங்கும் சாட்டிலைட் செல் கொழுப்பை எரித்து வாழ்கிறது. விழிக்கும்போது சர்க்கரைக்கு மாறுகிறது. அப்போது என்.ஏ.டி. (செல் ஆற்றல் உண்டாக்கப் பயன்படுத்தும் ஒரு சிறு மூலக்கூறு) அளவு குறைய, அதை நம்பி இயங்கும் சர்ட்1 என்ற நொதி தளர்ந்து, ஹிஸ்டோன்களில் அசிட்டைல் கூடித் தசை மரபணுக்கள் திறக்கின்றன. 2015இல் எலியில் இது காட்டப்பட்டது. 2016இல் முதிய எலிகளுக்கு என்.ஏ.டி. கூட்டும் பொருளைக் கொடுத்தபோது தசை ஸ்டெம் செல்கள் மேம்பட்டதாகவும் ஆய்வு வந்தது. ஆனால் அந்த மாத்திரையால் மனிதருக்குத் தசைக் காயம் விரைவில் ஆறும் என்று நிறுவப்படவில்லை. வாங்க வேண்டாம்.

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறான். மரபணுவைத் திறக்கும் புதிய மருந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்று சொல்லிப் பல லட்சம் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறோம்.
– ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: நிலத்தை விற்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தசைச்சிதைவுக்கு ஸ்டெம் செல் செலுத்துவதை முறையாகப் பதிவுசெய்த மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம். அதைச் சிகிச்சையாக விற்கக் கூடாது. ஆய்வு என்றால் மருந்துக்கும் ஊசிக்கும் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. பணம் கேட்கிறார்கள் என்பதே தாங்கள் எழுந்து வந்துவிடப் போதுமான காரணம்.

அறிவியலின் பக்கமும் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் பல நாடுகளில் இந்நோயுள்ள சிறுவர்களுக்குத் தசை முன்னோடிச் செல்களை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலான செல்கள் சில நாட்களில் இறந்தன. தப்பியவை ஊசி இறங்கிய தடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. சாட்டிலைட் செல்லைத் தசையிலிருந்து எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கத் தொடங்கியதுமே, அது உறக்கத்துக்குரிய அடையாளங்களை இழந்து தசையாகும் பாதையில் போய்விடுகிறது என்பதும் ஒரு காரணம். 2010இல் ஸ்டான்ஃபோர்டின் ஹெலன் பிளாவ் குழுவினர், தசையின் மென்மையை ஒத்த தளத்தில் எலிச் செல்களை வளர்த்தால் அவை ஸ்டெம் செல் தன்மையை ஓரளவு காப்பாற்றிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். தளத்தின் கடினம் மாறினாலே தன்மை மாறும் அளவுக்கு நுட்பமான செல் இது. தங்களிடம் பேசிய மருத்துவமனை எந்தச் செல்லைச் செலுத்தப் போகிறது என்றுகூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

புதிய மருந்து பற்றித் தாங்கள் கேள்விப்பட்டது சரி. அதன் பெயர் கிவினோஸ்டாட். டுஷேன் நோயில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே இந்நோய் தாக்குகிறது. டிஸ்ட்ரோஃபின் இல்லாதபோது நார் எளிதில் கிழிகிறது என்பது நெடுநாளாகத் தெரிந்தது. அத்துடன் வேறொரு கேடும் நடக்கிறது. நாரின் சவ்வில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதி நிலைகொள்ள டிஸ்ட்ரோஃபின் வேண்டும். அது இல்லாமல் நைட்ரிக் ஆக்சைடு குறையும்போது, ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைலைப் பிடுங்கும் ஹெச்டாக்2 என்ற நொதி கட்டுக்கடங்காமல் இயங்கி, தசை மீட்சிக்கான மரபணுக்களை மூடிவிடுகிறது. 2015இல் ரட்னிக்கி குழுவினர், சாட்டிலைட் செல்லுக்குள்ளேயே டிஸ்ட்ரோஃபினுக்கு வேலை உண்டு என்றும், அது இல்லாதபோது நான் மேலே விளக்கிய இருவழிப் பிரிவு குலைகிறது என்றும் கண்டார்கள். ஆக, நார் கிழிவதும் அதைச் சரிசெய்ய வரும் செல் தடுமாறுவதும் ஒன்றாக நடக்கின்றன.

கிவினோஸ்டாட் ஹெச்டாக் நொதிகளை அடக்கும் வாய்வழி மருந்து. 2024 மார்ச் மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 6 வயதும் அதற்கு மேலும் ஆன டுஷேன் நோயாளிகளுக்கு இதை அனுமதித்தது. 179 சிறுவர்கள் கலந்துகொண்ட 18 மாத ஆய்வில், எல்லாரும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடர்ந்தபடியே, ஒரு பகுதியினர் இதையும் எடுத்துக்கொண்டார்கள். நான்கு படி ஏற ஆகும் நேரம் இரு பிரிவினருக்கும் கூடியது; மருந்து எடுத்தவர்களுக்குக் குறைவாகக் கூடியது. நோய் நிற்கவில்லை, இறங்கும் வேகம் தணிந்தது. வயிற்றுப்போக்கு, வாந்தி, இரத்தத் தட்டணுக்கள் குறைதல், டிரைகிளிசரைடு உயர்தல் ஆகிய பக்கவிளைவுகள் உண்டு என்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். இதை நம்பிக்கையான ஒரு படி என்றே கருதுகிறேன். குணமாக்கும் மருந்து என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது கையில் இருப்பவற்றைத் தவறவிடாமல் செய்யுங்கள். ஸ்டீராய்டை மருத்துவர் சொன்ன அளவில் தொடருங்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து. குதிகால் தசை இறுகாமல் தினமும் நீட்டிவிடுங்கள்; இரவில் கணுக்கால் தாங்கி அணிவியுங்கள். ஆண்டுதோறும் இதயத்துக்கு எக்கோ பரிசோதனையும் நுரையீரல் திறன் பரிசோதனையும் செய்யுங்கள், இருமலும் மூச்சுத்திணறலும் வரும்வரை காத்திருக்காதீர்கள். மகனின் மரபணு அறிக்கையில் எந்த எக்ஸான் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் மரபணுத் துண்டு) விடுபட்டிருக்கிறது என்ற வரியைப் பத்திரமாக வைத்திருங்கள். நாளை எந்த மருந்து அவனுக்குப் பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது. தாங்களும் இந்த மரபணு மாற்றத்தைச் சுமப்பவரா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். சுமப்பவராக இருந்தால் தங்கள் இதயத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உயிரியல் முதுகலை படிக்கிறேன். தசை ஸ்டெம் செல்லின் மேல்மரபியல் பற்றி இந்தியாவில் ஆய்வு நடக்கிறதா?
– மாணவர், காரைக்குடி

பதில்: நடக்கிறது. ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. நிறுவனத்திலும் பெங்களூருவின் இன்ஸ்டெம் நிறுவனத்திலும் பணியாற்றிய ஜோத்ஸ்னா தவன், தசைச் செல்லின் உறங்குநிலையை நெடுங்காலமாக ஆராய்ந்து வருபவர். பாக்ஸ்7 செல்களை அழித்துப் பார்த்த 2011 ஆய்வுகளில், பாரிஸிலிருந்து வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் ராம்குமார் சம்பசிவன்; அவரும் பின்னர் இன்ஸ்டெமில் ஆய்வகம் அமைத்தார். தவன் குழுவினரின் 2015 கட்டுரையைத் தேடிப் படியுங்கள். உறங்கும் எலித் தசைச் செல்களில் பி.ஆர்.டி.எம்.2 என்ற புரதம் கூடுதலாக இருக்கிறது. செல் பிரிவதற்குத் தேவையான சைக்ளின் ஏ மரபணுவின் மேல், திறக்கும் அடையாளத்தையும் மூடும் அடையாளத்தையும் ஒரே நேரத்தில் இருக்கும்படி அது காத்து நிற்கிறது. அதனால் அந்த மரபணு இப்போது இயங்குவதில்லை. ஆனால் அழைப்பு வந்ததும் இயங்கும் வாய்ப்பையும் இழப்பதில்லை. அந்தப் புரதத்தைக் குறைத்தபோது சமநிலை குலைந்து, உறங்க வேண்டிய செல்களில் பிரிவுக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்கின.